திறப்புவிழாவுக்குப் பின் வரும் பில்: மன்னாரின் பொதுக் கட்டடங்களும் மின்சாரமும்

போர் முடிந்த பிறகு மன்னார்த் தீவிலும் அதற்கெதிரே பெருநிலக் கரையிலும் எழுந்த பொதுக் கட்டடங்களின் முகப்பில் அநேகமாக ஒரு நினைவுக்கல் பதிந்திருக்கும். உதவிய நாடு அல்லது நிறுவனம், கனடாவிலோ சுவிசிலோ இருந்து பணம் அனுப்பிய ஊரவர், அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், திகதி எல்லாம் அதில் இருக்கும். பொதுநோக்கு மண்டபம், சனசமூக நிலையம், முன்பள்ளி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க மண்டபம் என்று எதைப் பார்த்தாலும் கல் உண்டு. மாதம் பிறந்தால் வரும் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதை மட்டும் எந்தக் கல்லும் சொல்வதில்லை.

கட்டடம் கட்டுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் வேறொருவர். மன்னாரின் பொதுக் கட்டடங்களில் மின்சாரம் வீணாவதற்குரிய காரணங்களைத் தேடிக்கொண்டு போனால் முக்கால்வாசியும் இந்த ஒரு வரியில் வந்து நிற்கும். கூரைக்கு எந்தச் சீற் போடுவது, ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது, பன்னிரண்டு மின்விசிறிக்கு எத்தனை சுவிச்சு என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் திறப்புவிழாவன்று தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தீர்மானங்களுக்கு அடுத்த முப்பது வருடமும் காசு கொடுப்பது சங்கத்தின் பொருளாளர், பங்குச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் தர்மகர்த்தா சபை.

நெடுங்காலம் இது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. மின்சாரம் மலிவாக இருந்தது. 2013க்குப் பிறகு ஒன்பது வருடம் கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. 2022இல் எல்லாம் ஒன்றாக வந்தது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதக் கட்டண உயர்வு. அந்த அதிர்ச்சி தீருமுன் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். வழிபாட்டுத் தலங்களுக்கென்று இருக்கும் தனிச் சலுகை வீதமும் தப்பவில்லை. நாடெங்கும் விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமே ஒரே குரலில் முறையிட்ட அபூர்வமான தருணம் அது. பின்னர் கட்டணம் பல தடவை குறைக்கப்பட்டது, 2025 ஜூனில் 15 சதவீதம் மறுபடி ஏறியது. இனி இது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சங்கங்களின் வருமானம் அப்படி ஏறி இறங்குவதில்லை. அது சந்தாப் பணம், மண்டப வாடகை, உண்டியல்.

மன்னாரில் இதைப் பேசும்போது காற்றாலையைத் தவிர்க்க முடியாது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணை தீவின் தென்கரையில் நிற்கிறது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது. அதற்குப் பிறகு வரவிருந்த, இந்தியாவின் அதானி நிறுவனத்தின் காற்றாலைப் பெருந்திட்டம் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் தொடக்கம் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் தொடர் போராட்டம் நடந்தது. வெள்ளம் வடியும் வழிகள் அடைபடுவது, கரைவலைத் தொழில், வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் என்று மக்கள் வைத்த கேள்விகளுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தென்கரையில் பிறக்கும் மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்குள் போய்விடுகிறது. கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்று. தென்கரைக் கிராமமான தாழ்வுபாட்டின் மண்டபம் காற்றாலைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக அதன் பில்லில் ஒரு சதம் குறையாது. காற்றாலை எத்தனை வந்தாலும் போனாலும், மண்டபத்தின் பில்லைக் குறைக்கும் இடம் மண்டபத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த இடம் எது? முதலில் கூரை.

மன்னார் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும். வருடத்தின் பெரும்பகுதி அந்த உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே ஒற்றைமாடிக் கட்டடத்தின் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கு சுவரில் விழாது, கூரையில்தான் விழும். தகரமோ பழுப்பேறிய அஸ்பெஸ்டஸ் சீற்றோ அந்த வெயிலில் 60 பாகை செல்சியஸ் வரை கொதிப்பது சாதாரணம். அந்தச் சூடு கீழே இருப்பவரின் தலையில் நெருப்புச் சட்டி கவிழ்த்தது போல இறங்குகிறது. மின்விசிறி போட்டால் சரியாகும் என்று நினைக்கிறோம். சீலிங் இல்லாத மண்டபத்தில் மின்விசிறி செய்வது, கூரையடியில் தேங்கி நிற்கும் அனலை அள்ளிக் கீழே கொட்டுவது. அதனால்தான் மண்டபத்துக்குள் கூட்டம் நடக்க, பாதிப்பேர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள்.

வெள்ளைக் கூரை இதற்குரிய மிக மலிவான மருந்து. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் எம். ரி. ஆர். ஜயசிங்கவும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று கூரை நோக்கும் திசை, கூரைப் பொருள், கூரை நிறம் மூன்றையும் சேர்த்துப் பரிசோதித்தது. நம்மைப் போன்ற ஈரவெப்ப நாட்டில் நிறத்தின் பங்கு அலட்சியப்படுத்தக் கூடியதன்று. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வகுத்து அரச கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் பக்கத்தில் வெள்ளைக் கூரை என்றால் இன்னும் ‘கெதியாய் ஊத்தையாகும்’ என்ற பேச்சுத்தான். ஊத்தையாகும்தான். தீவின் புழுதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். அதையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தாலும் இதைவிட மலிவான வேலை இல்லை.

இதில் கவனிக்கச் சில விடயங்கள் உண்டு, இவற்றைச் சொல்லாமல் பூசச் சொல்வது பாவம். சுண்ணாம்பு கொங்கிரீற் தட்டுக்கும் சீற்றுக்கும் பொருந்தும். நாகம் பூசிய தகரத்தை அது அரிக்கும், அதற்கு வெளிக்கூரைக்கென்று வரும் வெள்ளைப் பெயின்ற்தான். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைப் பூசுமுன் கம்பித் தூரிகையால் உரஞ்சவே கூடாது, தூசி நுரையீரலுக்கு எமன். மழைநீர் சேகரிக்கும் கூரையானால் பூச்சைப் பார்த்து வாங்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் என்றதும் ஒரு கதை. 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, சில ஆண்டுகளில் முற்றாக நிறுத்துவதென்று இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லித் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான். தடை தள்ளிப்போனது, தேயிலை மறுபடி கப்பலேறியது. பேசாலை முன்பள்ளிப் பிள்ளையின் தலைக்குமேல் எந்தக் கூரை என்பது ஒரு வண்டினாலும் தீர்மானமாகலாம்.

கூரைக்கு அடுத்தது காற்று. இந்த ஊரில் காற்றுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். கச்சானும் சோழகமும் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் தீவு முழுவதும் மணல் பறக்கும். பொதுக் கட்டடங்களின் தென்மேற்கு ஜன்னல்கள் அப்போது அடைத்தே கிடக்கும். திறந்தால் மணல், உப்பு, கடதாசி பறப்பு. காற்றின் ஊரில் காற்றை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மின்விசிறியைச் சுழற்றுகிறோம். பங்குனி, சித்திரையில் கதை மாறும். காற்று விழுந்துவிடும், சூரியன் உச்சியில், ஜன்னல் திறந்திருந்தும் இலை அசையாது. தவக்காலமும் புத்தாண்டும் மண்டபங்கள் நிரம்பும் காலமும் அதுவே. கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய செங்கற் சல்லடைச் சுவர்களைப் பலர் நமக்கும் பரிந்துரைப்பார்கள். திருவனந்தபுரத்து மழைக்கு அது அழகு. மன்னார்க் கரையில் காற்றுமுகத்தில் வைத்தால் மண்டபத்துக்குள் மணல்மேடு எழும். இங்கே வேண்டியது வேறு. காற்றுமுகச் சுவரில் உயரத்தில் சிறிய திறப்பு, மறுபக்கச் சுவரில் தாழ்வான அகன்ற திறப்பு, முகட்டில் அனல் வெளியேற வழி. இவற்றோடு முன்னால் மணலைப் பிடிக்கும் ஒரு வேலி: பூவரசு, வேம்பு, பனை வடலி. முற்றத்து மரத்தைத் தறித்து இன்ரலொக் கல் பதிப்பது இப்போது அபிவிருத்தியின் அடையாளமாகிவிட்டது. பதித்த கல் மாலை ஏழு மணிவரை சூடு கக்கும்.

இவை ஒன்றும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. அரிப்புக் கரையில் இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கும் டொறிக் மாளிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பருத்த செங்கற் சுவர், சிப்பி சுட்ட சுண்ணாம்பின் வெண்பூச்சு, கடல்முகம். குடியேற்றக்காரன் வீடு என்று விட்டுவிடலாம், ஆனால் சுண்ணாம்பு இந்தக் கரையின் சிப்பிச் சுண்ணாம்பு. மன்னார்க் கோட்டையிலும் பழைய வீடுகளிலும் கிடக்கும் முருகைக்கல்லும் அப்படியே. பருத்த சுவர் பகல் வெயிலை மெல்ல வாங்கி இரவில் மெல்ல விடும். பழைய தேவாலயங்களில் பகற்பூசைக்குப் போனவர்களுக்கு அந்தத் தண்மை நினைவிருக்கும். 2022இல் குடமுழுக்குக் கண்ட திருக்கேதீச்சரத்தின் கருங்கற் திருப்பணியிலும் அதை உணரலாம். போர்த்துக்கேயர் நமக்கு ஜன்னல் என்ற சொல்லைத் தந்தார்கள், விறாந்தையும் அவர்கள் வழி வந்ததென்பர். சொல் இரண்டும் தங்கிவிட்டன. புதிய மண்டபங்களில் விறாந்தையைத்தான் காணோம், ‘செலவு கூடும்’ என்று மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது அதுதான். நாலடி விறாந்தை சுவரை வெயிலிலிருந்தும் ஜன்னலைச் சாரலிலிருந்தும் காக்கும். வெட்டிய காசை மின்கட்டணமாகத் தவணை முறையில் கட்டுகிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மன்னாரின் பெரிய பொதுக்கூடல் ஒரு காலத்தில் கூத்து. விடியவிடிய, வெட்டவெளியில், குளிர்ந்த மணலில். வெயில் நேரத்தில் தகரத்தின் கீழ் முந்நூறு பேரை அடைத்து உட்கார வைக்கும் வழக்கம் நமக்கு அண்மையில்தான் வந்தது. கூட்டங்களை மாலைக்கு மாற்றினால் என்ன என்று யாராவது கேட்டால், அதிகாரிகளுக்கு வசதிப்படாது என்பதே பதிலாக இருக்கும்.

சரி, இருக்கும் கட்டடங்களுக்கு என்ன செய்யலாம்? இங்கேதான் பெரும்பாலான உபதேசங்கள் வழுக்கி விழுகின்றன. ‘எல்ஈடி போடுங்கள், சிக்கன மின்விசிறி மாட்டுங்கள், சோலார் வையுங்கள்’ என்று ஒரே மந்திரத்தை எல்லாக் கட்டடத்துக்கும் ஓதுகிறார்கள். எந்தப் பொருள் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்த்த கணக்கு இது.

ஒரு தேவாலயத்தில் 24 மின்விசிறி என்று வைத்துக்கொள்வோம். பழைய வகை ஒவ்வொன்றும் 75 வாட். ஞாயிறு பூசையும் வாரநாள் வழிபாடும் சேர்த்து வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 47 அலகு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் புதிய வகை மாட்டினால் மிச்சமாவது 28 அலகு. இப்போது வைத்தியசாலை விடுதி ஒன்றை எடுப்போம். மின்விசிறி பத்துத்தான், ஆனால் இரவும் பகலும் ஓடுகிறது. மாதத்துக்கு 540 அலகு. அதே மாற்றத்தைச் செய்தால் மிச்சம் 324 அலகு. பத்து மின்விசிறி மாற்றியது இருபத்துநாலை மாற்றியதைவிடப் பன்னிரண்டு மடங்கு பலன் தருகிறது. ஆனால் நன்கொடையாளர் கண்ணுக்குப் படுவது தேவாலயம், விடுதி படுவதில்லை. பெருநாள் வந்தால் வெளிநாட்டிலிருந்து வந்த அன்பர் ஆலயத்துக்குத்தான் மின்விசிறி வாங்கித் தருவார், பக்கத்தில் ஒரு பெயரும் எழுதப்படும்.

அப்படியானால் ஆலயத்தின் பில் ஏன் அவ்வளவு வருகிறது? வளவுக்குப் போய்ப் பாருங்கள். முற்றத்துக் கம்பத்தில் ஒரு 400 வாட் பழைய ரக வெளிச்சம் மாலை ஆறுக்கு எரியத் தொடங்கி விடிய ஆறுக்கு அணைகிறது. மாதத்துக்கு 144 அலகு. உள்ளே உள்ள 24 மின்விசிறியும் சேர்ந்து தின்பதைப்போல மூன்று மடங்கை வெளியே ஒற்றை விளக்கு தின்கிறது. நூறு வாட் எல்ஈடி அந்த முற்றத்துக்குப் போதும், மாதம் 108 அலகு அந்த இடத்திலேயே மிச்சம். அடுத்தது தண்ணீர் மோட்டார். ஒரு குதிரைவலு மோட்டார் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் 45 அலகு. தாங்கியின் மிதவை வால்வு பழுதாகி வழிந்துகொண்டிருந்தால் அதைவிடக் கூடும். வழிபாட்டுத் தலங்களுக்குரிய கட்டணம் அலகு ஏற ஏற வீதமும் ஏறும் படிமுறை என்பதால், மேற்படியில் குறைக்கும் ஒவ்வோர் அலகும் அடிப்படியில் குறைப்பதைவிட அதிகம் மிச்சம் தரும்.

சுவிச்சுப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒரு சுவிச்சுக்கு நாலைந்து மின்விசிறி, சில இடங்களில் வரிசை முழுக்க ஒன்று. சுபஹுத் தொழுகைக்கு ஒரு வரிசை ஆள்தான் வரும், ஓடுவது மண்டபம் முழுவதும். சனசமூக நிலையத்தில் இரண்டு பேர் பத்திரிகை வாசிக்க எட்டு மின்விசிறி. வயரை வரிசைவாரியாகப் பிரித்து முன்வரிசைக்குத் தனிச் சுவிச்சு வைப்பது மின்னிணைப்பாளருக்கு ஒரு நாள் வேலை. இதற்கு எந்த நாட்டுத் தூதரகமும் நினைவுக்கல் வைக்காது. அதனால்தான் நடப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏசி பூட்டிய தொழுகை மண்டபங்களும் அலுவலகங்களும் தனி வகை. கண்ணாடியை அடைத்து ஆறு பெரிய ஏசிகளைப் பூட்டி, ஒவ்வொரு தொழுகைக்கும் அரை மணித்தியாலம் ஓட்டினால் நாளுக்கு முப்பது அலகு வரை போகும். வெயிலில் ஊறிய கொங்கிரீற் அரை மணித்தியாலத்தில் குளிராது. குளிரத் தொடங்கும்போது தொழுகை முடிந்து கதவு திறக்கும். வெள்ளிக்கிழமைக்கு முழு மண்டபம், மற்ற நேரத்துக்கு முன்பகுதி மட்டும் என்று ஒரு தடுப்பு, கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சீலிங்குக்கு மேல் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள், ஏசியோடு மெதுவாகச் சுழலும் மின்விசிறி. இவை பில்லை வெட்டும் வழிகள். காற்று உடலில் பட்டாலே இரண்டு மூன்று பாகை குறைந்தது போலிருக்கும், ஏசியை 26இல் வைக்கலாம். உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை அரித்துத் தின்றுவிடுவதால் தீவில் ஏசி ஒன்றின் ஆயுள் கண்டியில் உள்ளதைப் போல நீளாது என்பதையும் வாங்குமுன் நினைக்க வேண்டும்.

இனி சோலார். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்தபோது, 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கு இந்திய நன்கொடையில் சூரியகலத் தொகுதி வழங்கும் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. தலத்துக்கு 5 கிலோவாட், மொத்தம் 25 மெகாவாட். மன்னாரின் வரண்ட வானத்துக்கு இது பொருத்தமான கொடை. ஐந்து கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அலகு, மாதத்துக்கு 600 அலகு தரும். மேலே சொன்ன ஆலயத்தின் மின்விசிறி, வளவு விளக்கு, மோட்டார் மூன்றும் சேர்ந்து 236 அலகு. எனவே அங்கே தாராளம். ஆறு ஏசி ஓடும் மண்டபத்துக்கோ நாளுக்கு 30 அலகு வேண்டும், தகடு தருவது 20. முதலில் கூரையையும் சுவிச்சையும் சரிசெய்தவருக்குச் சோலார் வருமானம், செய்யாதவருக்கு அது ஒரு ஓட்டை வாளிக்கு ஊற்றும் தண்ணீர். தகட்டின் மேல் படியும் உப்பையும் புழுதியையும் கழுவ நன்னீர் வேண்டும் என்பதையும், பொருத்தும் கம்பிச்சட்டம் துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும் என்பதையும் கொடையாளரின் படிவம் கேட்பதில்லை, கையெழுத்திடுபவர் கேட்க வேண்டும்.

சோலாருக்கு இன்னொரு சிக்கல் நேரம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். அன்று தொழிற்சாலைகள் ஓயும் ஞாயிறு, நல்ல வெயில், கட்டமைப்பில் கூரைச் சூரியமின்சாரம் நிறைய, அதைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழலிகள் குறைவு. அதனால்தான் சிறு அடிக்கு நாடே விழுந்தது. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலார் வைத்தவர்களைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நமது பொதுக் கட்டடங்களைப் பாருங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது, சூரியனோடு ஒத்துப்போகிறது, ஆனால் ஏப்ரலிலும் ஓகஸ்ட்டிலும் டிசம்பரிலும் விடுமுறை. ஆலயமும் கோயிலும் பள்ளிவாசலும் பகலில் அநேகமாக வெறுமை. அவற்றின் மின்சாரம் மாலைப் பூசை, மஃரிப், இஷா, இரவு வகுப்பு, வளவு விளக்கு. நாட்டின் உச்சத் தேவை நேரம் மாலை ஆறரை முதல் பத்தரை வரை. எண்ணெய் எரித்து மின்சாரம் செய்யும் விலையுயர்ந்த நேரமும் அதுவே.

ஆகவே மன்னாரின் பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது. பகலுக்குச் சோலார், இரவுக்குச் சிக்கனம். இரவில் ஒரு வாட்டைக் குறைப்பது பகலில் ஒரு வாட்டைச் செய்வதைவிட நாட்டுக்குப் பெறுமதி, சங்கத்துக்கு மலிவு. பெற்றரி வைக்க வசதியுள்ளவர் வைக்கலாம், எல்ஈடிக்கும் சிக்கன மின்விசிறிக்கும் மாறிய பிறகு வைத்தால் சிறிய பெற்றரி போதும். மோட்டாரை நண்பகலில் ஓட்டித் தாங்கியை நிரப்பி வைப்பது காசில்லாத பெற்றரி.

மொரோக்கோ நாடு பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தில் 600 பள்ளிவாசல்களை எடுத்தபோது, மின்பாவனையை 40 சதவீதம் வரை குறைப்பதைக் குறியாக வைத்தது. எல்ஈடி, சூரிய நீர்ச்சூடாக்கி, சூரியத் தகடு மூன்றையும் ஒரே தொகுதியாகச் செய்தது. நமது கொடைத் திட்டங்கள் தகட்டை மட்டும் தருகின்றன. தகடு கூரையில் தெரியும், புகைப்படத்தில் வரும்.

சட்டம் இதில் உதவுமா? இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபை 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அது வெளியிட்ட கட்டடக் கோவை பெரிய வணிகக் கட்டடங்களை மனதில் வைத்தது. ஊர் மண்டபம் அதன் வலைக்கண்ணில் நழுவிவிடும். நழுவாத இடம் பிரதேச சபையின் கட்டட அனுமதிதான். வரைபடத்தில் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று அதிகாரி அளந்து பார்க்கிறார். கூரையின் நிறம் என்ன, சீலிங் உண்டா, முகட்டில் காற்று வழி எங்கே, ஒரு சுவிச்சுக்கு எத்தனை மின்விசிறி என்று அந்தப் படிவத்தில் நாலு வரி சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. பிரதேச சபைகளும் நகரசபையும் ஒரு தீர்மானத்தில் செய்யலாம்.

காற்றாலை நிறுவனங்களும் வெளிநாட்டு அமைப்புகளும் ஊர்ச் சங்கங்களைக் கூப்பிட்டு ‘என்ன வேண்டும்’ என்று கேட்கும்போது, வழக்கமாகப் போகும் பதில் ‘ஒரு மண்டபம்’. தீவில் மண்டபங்கள் போதும். பத்துப் பன்னிரண்டு பழைய மண்டபங்களின் கூரை, சீலிங், சுவிச்சு, வளவு விளக்கு இவற்றைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்கலாம். மாவட்ட வைத்தியசாலை விடுதிகளின் மின்விசிறியைக் கேட்கலாம். கொடுக்கிறவர் தயங்குவார், திறந்துவைக்க நாடா வெட்ட இடமில்லையே. அது அவர் பாடு.

சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும், பங்குச் சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கடைசிப் பன்னிரண்டு பில்களையும் எடுத்து அலகை மட்டும் ஒரு தாளில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஓர் இரவு எல்லாம் அணைத்த பிறகு மீற்றரைப் பார்த்துவிட்டு, விடிய மறுபடி பாருங்கள், எது தின்கிறது என்று தெரிந்துவிடும். வளவு விளக்கை இந்த மாதமே மாற்றுங்கள். பங்குனி வெயில் ஏறுமுன் கூரைக்கு ஒரு பூச்சு வெள்ளை அடியுங்கள்.